பாஞ்சாலி வைத்த கனித்தட்டு

பாஞ்சாலிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அவளுக்கு வேண்டியவர்களே சொல்வார்கள். வேண்டாதவர்கள் சொல்வதை இங்கே எழுத முடியாது. பெரும்பாக்கத்துக் குடியிருப்பில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவள் பேச ஆரம்பித்தால், லாரி வந்து, ஊற்றி, திரும்பிப் போன பிறகும் பேச்சு ஓயாது. அந்தப் பேச்சில் பாதிக்கு மேல் மயிலாப்பூர் மாமியைப் பற்றியதாகவே இருக்கும். மாமி வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு, மாமியின் பேரன் என்ன படிக்கிறான், மாமிக்கு முட்டிவலி எந்தக் காலில் என்பதெல்லாம் அந்த பிளாக்கில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

சித்திரை பிறக்கும் சமயம் வந்துவிட்டால் அவள் பெருமை தாங்க முடியாது. நல்ல நாள் அதுவுமாக மற்ற வீட்டுக்காரர்கள் வேலைக்காரப் பெண்களை விடிவதற்கு முன்பே வரச்சொல்லி உயிரை எடுக்கிறார்கள். தன்னுடைய மாமி மட்டும்தான் வருஷப் பிறப்பன்று "சாவகாசமா வா, ஒன்பது மணிக்கு மேல வந்தாப் போறும்" என்று முதல்நாளே சொல்லியனுப்புவாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். "மனுசின்னா அது மனுசி" என்று முடிப்பாள்.

எதிர்வீட்டு வஜீஹா ஒருமுறை இதைக் கேட்டுவிட்டுத் தையல் மிஷினை நிறுத்தினாள். பெரும்பாக்கம் வருவதற்கு முன் அடையாற்றங்கரையில் இருந்த காலத்திலேயே பாஞ்சாலிக்குப் பக்கத்துக் குடிசைக்காரி அவள். புருஷன் மெஹபூப் அலி வியாபாரத்துக்குச் சரக்கு எடுக்க மாதத்தில் பாதிநாள் வெளியூர் போய்விடுவான். அவள் ஜாக்கெட் தைத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பாள். "தீபாவளி, பொங்கலுக்கெல்லாம் காலங்காத்தாலயே ஓடறியேக்கா. இந்த ஒரு நாளு மட்டும் இன்னாத்துக்கு லேட்டு?" என்று கேட்டாள். பாஞ்சாலிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நல்லவர்களைக்கூடச் சந்தேகப்படும் புத்தி யாருக்கும் வரக்கூடாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாள்.

அந்த மாமியின் பெயர் பர்வதம். பூர்வீகம் பாலக்காடு, மயிலாப்பூருக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. மாடவீதியை ஒட்டிய சந்தில் அடுக்குமாடி வீடு. பாஞ்சாலி அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது மகன் பிரபு அவள் இடுப்பில் இருந்தான். அப்போது குடிசை அடையாற்றங்கரையில். காலையில் நடந்தே வந்து, குழந்தையைப் பால்கனியில் உட்காரவைத்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாள். மாமி குழந்தைக்கு ஒரு தட்டில் இட்லி வைப்பாள். அதை மறுக்க முடியாது. பர்வதம் மாமி கெட்டவள் இல்லை. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு கசந்திருக்காது.

சித்திரைக்கு முதல்நாள் சாயங்காலம் அந்த வீட்டில் கனி வைப்பார்கள். வெண்கல உருளியில் பச்சரிசியைப் பரப்பி, அதன்மேல் மாங்காய், வாழைப்பழம், மஞ்சள் வெள்ளரி, தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு தங்கச் சங்கிலி, புதுப் பஞ்சாங்கம், கொத்தாகச் சரக்கொன்றைப் பூ. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைப்பார்கள். மறுநாள் விடியுமுன் வீட்டுக்காரி எழுந்து விளக்கேற்றி, தான் முதலில் கனியில் விழித்துவிட்டு, வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராகக் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து அதன்முன் நிறுத்திக் கையை எடுப்பாள். வருஷத்தின் முதல் பார்வை எதன்மேல் விழுகிறதோ அப்படித்தான் வருஷம் முழுக்கப் போகும் என்பது நம்பிக்கை.

முதல்முறை இதைப் பார்த்த பாஞ்சாலி, பழமும் பொன்னும் சரி, கண்ணாடி எதற்கு, சாமி தலைவாரிக்கொள்ளவா என்று கேட்டாள். மாமி சிரித்துவிட்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள்.

"பழம், பொன், பூ எல்லாம் பகவான் குடுக்கறது. அதையெல்லாம் பாத்துண்டே வந்தா கடைசியில கண்ணாடியில உன் மூஞ்சி தெரியும். குடுக்கறவனும் உனக்குள்ளதான் இருக்கான்னு அர்த்தம். வருஷத்தோட முதல் தரிசனம் அதுதான்."

"எல்லாருக்குள்ளயுமா மாமி?"

"எல்லாருக்குள்ளயும்தான். சூரியன் இன்னிக்கு மேஷத்துல நுழையறார். அவர் ஒரு ஆத்துக்கு வந்து இன்னொரு ஆத்துக்கு வராம இருக்காரா என்ன?"

இந்த வார்த்தை பாஞ்சாலியை அப்படியே பிடித்துக்கொண்டது. தன் முகத்தை அவள் பெரிதாக நினைத்தது கிடையாது. வட்ட முகம், அம்மைத் தழும்பு, சிரித்தால் மேல் ஈறு முழுக்கத் தெரியும். அதற்குள்ளும் சாமி இருக்கிறது என்று பஞ்சாங்கம் படித்த குடும்பத்து மனுஷி வாயால் கேட்டபிறகு சும்மா இருக்க முடியுமா? அடுத்த வருஷமே குடிசையில் கனி வைத்தாள். உருளிக்குப் பதில் எவர்சில்வர் தட்டு, சங்கிலிக்குப் பதில் காதிலிருந்து கழற்றிய கம்மல், மாடவீதிப் பிளாட்பாரக் கடையில் வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக் விளிம்பு போட்ட கண்ணாடி. ஆற்றங்கரையில் அந்த வழக்கம் யாருக்கும் கிடையாது. வேப்பிலை கட்டுவார்கள், கோயிலுக்குப் போவார்கள், கறி எடுப்பார்கள், அவ்வளவுதான். எல்லோருமாகச் சேர்ந்து அவளுக்கு 'பாஞ்சாலி மாமி' என்று பேர் வைத்தார்கள். கிண்டல்தான். அவளுக்கோ உள்ளூர சந்தோஷம்.

புருஷன் அம்மாசி கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு செட் போடுகிற ஆள். ஒட்டுப் பலகையில் ராஜா அரண்மனையும் மார்பிள் மாடிப்படியும் கட்டுகிறவன். வாரத்துக்கு ஒரு அரண்மனை கட்டுகிறவனிடம் ஒரு வெள்ளரிக்காயைக் காட்டி வருஷம் நன்றாக இருக்கும் என்கிறாயே என்று கேலி பேசுவான். பேசிக்கொண்டே, குழந்தைபோல் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்தபடி நடந்து வருவான். தட்டின் முன் நின்றதும் கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பி அவளைப் பார்ப்பான். "எனுக்கு இதுவே போதும்" என்பான். அதன்பிறகு பிரபுவை எழுப்புவாள். தூக்கக் கலக்கத்தில் அவன் கால் பின்ன, இரண்டு உள்ளங்கையாலும் அவன் கண்ணைப் பொத்தி நடத்திவரும் அந்தச் சில அடிகள்தான் பாஞ்சாலிக்கு வருஷப் பிறப்பு. மற்ற நாளெல்லாம் மற்றவர்கள் வீட்டு வேலை.

ஆற்றில் வெள்ளம் வந்து குடிசையோடு தட்டும் கண்ணாடியும் போயின. கரையில் இருந்தவர்களை அள்ளிக்கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்து மாடிவீடுகளில் குடிவைத்தார்கள். நடந்து வந்த வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டியதாயிற்று. பாஞ்சாலி மறுபடி தட்டு வாங்கினாள். அங்கே போய் இரண்டாவது மாசியில் அம்மாசி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் போய்விட்டான்.

அடுத்து வந்த சித்திரைக்குத்தான் மாமி முதன்முதலாக அவளை ஒன்பது மணிக்கு மேல் வரச்சொன்னாள். இவ்வளவு வாய் உள்ளவளுக்கு இது ஏன் உறைக்கவில்லை என்று கேட்கலாம். துக்கத்தில் இருந்தவளுக்கு அப்போது ஒரு நல்ல வார்த்தை தேவையாக இருந்தது. அவள் தூரத்திலிருந்து வருகிறாள், உடம்பு அசந்து கிடக்கிறாள் என்று மாமி இரங்கியதாக எடுத்துக்கொண்டாள். ஒருமுறை நல்லவிதமாக எடுத்துக்கொண்டால் பிறகு ஒவ்வொரு வருஷமும் அதுவே நல்லதாகப் போய்விடுகிறது. அவள் வீட்டில் அந்த வருஷம் பண்டிகை இல்லை. மறு வருஷத்திலிருந்து வழக்கம்போல் தட்டு வைத்தாள்; வளர்ந்து மீசை முளைத்த மகனைக் கண்பொத்திக் கூட்டிவந்தாள். அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு பொம்பளை கிடையாது. முகம் நல்ல முகமா, ஆகாத முகமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

பிரபு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். தி.நகர் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்த ஷீலாவை விரும்பிக் கட்டிக்கொண்டான். மருமகள் வந்த பிறகு வந்த முதல் வருஷப் பிறப்பில்தான் அது நடந்தது.

அந்தத் தடவை மாமி வீட்டில் பேரன் பிரணவ் தங்கியிருந்தான். மேல்படிப்புக்கு அமெரிக்கா போக அவனுக்கு அந்த வாரம் விசா நேர்காணல். பெங்களூரில் இருக்கும் அப்பா அம்மாவை விட்டு, நேர்காணலுக்காகத் தாத்தா பாட்டியிடம் வந்திருந்தான். மாமி அவனுக்காகக் கோயில் கோயிலாக விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். முதல்நாள் சாயங்காலம் கனி வைக்கும்போது கொன்றைப்பூ கிடைக்கவில்லை. மாடவீதியில் ஆள்விட்டுத் தேடியும் வாடிய கொத்துதான் வந்தது. குழந்தை முதல்முதலாக இங்கே கனி காணப் போகிறான், பூ இல்லாமல் மூளியாக இருக்கிறதே என்று மாமி கண்கலங்கிவிட்டாள். வழக்கம்போல் பாஞ்சாலியை ஒன்பது மணிக்கு மேல் வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினாள்.

பெரும்பாக்கத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கொன்றை மரம் உண்டு. இறங்கியவள் அண்ணாந்து பார்த்தாள். மரம் முழுக்க மஞ்சள். அவள் மனசில் அந்த யோசனை அங்கேதான் விழுந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்தால் மாமி பேரனை எழுப்புவதற்குள் பூவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். ஆனால் அப்படிப் போனால் தன் வீட்டில் பிரபுவை யார் எழுப்புவது? தட்டு வைக்கத் தொடங்கியதிலிருந்து அந்த ஒரு வேலையை அவள் வேறு யாருக்கும் விட்டதில்லை. யோசித்து யோசித்து, ராத்திரிச் சாப்பாட்டின்போது ஷீலாவிடம் சொன்னாள். இந்த ஒரு தடவை நீ எழுப்பு, கண்ணை நன்றாகப் பொத்து, திருடன் விரல் சந்தில் பார்ப்பான் என்று. ஷீலா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

விடியுமுன் மயிலாப்பூர் வந்துவிட்டாள். வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் எப்போதும் உண்டு. அந்த அளவுக்கு நம்பிக்கை. மணி அடித்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்று சாவி போட்டு மெல்லக் கதவைத் திறந்தாள். கூடத்தில் குத்துவிளக்கு எரிந்தது. மாமி முட்டிவலியோடு எட்டி எட்டி, தன்னைவிட ஒரு முழம் உயரமான பேரனின் கண்ணைப் பொத்தி நடத்திக்கொண்டிருந்தாள். கதவுச் சத்தத்தில் பிரணவ் தலையைத் திருப்பினான். மாமியின் கை நழுவியது. விழித்த கண் நேராகப் பாஞ்சாலிமேல் விழுந்தது.

பாஞ்சாலி கைநிறைய மஞ்சள் பூவோடு, ஈறு தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். "கொன்னப்பூ மாமி" என்றாள்.

மாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் பாஞ்சாலி பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். மாமி முகத்தில் ரத்தமே இல்லை. பேரனின் கண்ணைச் சட்டென்று மறுபடி பொத்தி, குளியலறைப் பக்கம் திருப்பி, கண்ணை மூன்று தரம் அலம்பிக்கொண்டு ஸ்வாமி பேரைச் சொல்லிவிட்டு வரும்படி சொன்னாள். இன்ஜினீயரிங் படித்த பையன், "விடு பாட்டி, இதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றான். சொல்லிவிட்டு, போய் அலம்பிக்கொண்டுதான் வந்தான். மறுபடி கண்ணைப் பொத்தி, மறுபடி முதலிலிருந்து நடத்தி, கனி முன் நிறுத்தினாள் மாமி. அதுவரை பாஞ்சாலியைச் சமையலறைக்குள் இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தாள்.

பிறகு உள்ளே வந்தாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

"நான் உன்னை ஒண்ணும் சொல்லலை பாஞ்சாலி. நீ நல்லவ. ஆனா அம்மாசி போனதுலேர்ந்து ஏன் உன்னை இன்னிக்கு மட்டும் ஒன்பது மணிக்கு மேல வரச் சொல்றேன்னு உனக்குத் தெரியும்னுதான் நினைச்சிண்டிருந்தேன்."

"தெரியாது மாமி" என்றாள் பாஞ்சாலி.

 சாஸ்திரம் அப்படி இருக்கிறது, தான் என்ன செய்வது என்று மாமி சொன்னாள். குழந்தைக்கு விசா கிடைக்க வேண்டுமே என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த அழுகையும் பொய் இல்லை.

பாஞ்சாலிக்கு எத்தனையோ பேச வரும். ரேஷன் கடைக்காரனை, பஸ் கண்டக்டரை, கவுன்சிலரின் ஆளைக்கூட அவள் விட்டது கிடையாது. அன்றைக்கு அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷமாக லாரி வரிசையில் நின்றுகொண்டு, தன்னைப் பார்க்கப் பிடிக்காதவர்கள் சொன்ன வார்த்தையைத் தனக்குக் கிடைத்த மரியாதை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறோமே என்பதுதான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. செய்தவளுக்கு வர வேண்டிய வெட்கம், செய்யப்பட்டவளுக்கு வந்தது. உலகத்தில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

வேலையை முடித்துவிட்டே கிளம்பினாள். கூடத்தில் மாமா பஞ்சாங்கத்தைப் பிரித்து, இந்த வருஷம் மழை எப்படி, எந்த ராசிக்கு ஆதாயம் எவ்வளவு, விரயம் எவ்வளவு என்று உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். கொன்றைப்பூ சமையல்மேடை ஓரத்தில் கிடந்தது. கனியில் வைக்கவும் இல்லை, எறியவும் இல்லை. புறப்படும்போது மாமி தூக்கில் வேப்பம்பூப் பச்சடி போட்டுக் கொடுத்தாள். வெல்லமும் வேப்பம்பூவும் சேர்ந்ததுதான் வாழ்க்கை, இரண்டையும் ஒன்றாக ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும் என்பது பச்சடியின் தாத்பரியம் என்று வருஷா வருஷம் மாமி சொல்வாள். அன்றைக்கும் பாதிவரை சொல்லி நிறுத்திக்கொண்டாள். வெல்லத்தை ஒரு வீட்டிலும் வேப்பம்பூவை இன்னொரு வீட்டிலும் பிரித்து வைத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்குத் தாத்பரியம் சுலபமாகத்தான் வரும்.

வீட்டுக்கு வந்ததும் பிரபுவிடமும் ஷீலாவிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். பிரபு கொதித்துப்போனான். இப்போதே பைக்கை எடுத்துக்கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் நின்று நாலு கேள்வி கேட்கிறேன் என்று சட்டையை மாட்டினான். ஷீலாதான் பிடித்து உட்காரவைத்தாள்.

"நீ இனிமே அங்க போவாதம்மா. பொறந்ததுலர்ந்து உன் மூஞ்சிலதான் நான் முழிக்கிறேன். எனுக்கு இன்னா கொறஞ்சு பூட்ச்சு? அவங்க ஆயிரம் சொல்லட்டும், நம்ம வூட்ல நீதான் எழுப்பணும்."

பாஞ்சாலி அப்போதுதான் அழுதாள். காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வெளியே வந்தது. மகன் சொன்ன அந்த ஒரு வார்த்தை போதும் என்று இருந்தது. மயிலாப்பூரில் ஒரு வீட்டில் அவள் முகம் ஆகாது என்றால் ஆகாமல் போகட்டும். தன் வீட்டில் ஆகிறது அல்லவா? அதை மட்டும் யாரும் பறிக்காமல் இருந்தால் சரி என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வேலையை விடவில்லை. கொஞ்ச நாள் போகாமல் இருந்தாள். மாமி போன் செய்து, குனிய முடியவில்லை என்று அழமாட்டாத குறையாகச் சொன்னாள். அந்த வயதில் பாஞ்சாலிக்கு வேறு வீடு யார் தரப் போகிறார்கள்? மறுபடி போய்ப் பாத்திரத்தில் கை வைத்தாள். எதுவும் நடக்காததுபோல் இரண்டு பேரும் கறிவேப்பிலை விலையைப் பேசினார்கள். பிரணவுக்கு விசா கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போயிருந்தால் காரணம் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கிடைத்ததற்குக் காரணம் பாஞ்சாலியின் முகம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கோயிலுக்கு நெய்விளக்கு போனது.

லாரி வரிசையில் இப்போது அவள் மாமி பேச்சை எடுப்பதில்லை. வஜீஹாவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவள் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஷீலா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. பாஞ்சாலிக்கு மறுபடி வாய் திறந்தது. கர்ப்பிணிக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்று காய்கறிக்காரனிடம்கூடப் பேசினாள். மயிலாப்பூரிலிருந்து மாதுளம்பழம் வாங்கிச் சுமந்து வந்தாள். ஷீலா மரியாதையாகத்தான் இருந்தாள். ஆனால் அவளுடைய அம்மா தினமும் போனில் ஏதேதோ சொல்லிக்கொடுத்தாள். பாஞ்சாலி உள்ளே வந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

முதல் ஸ்கேன் எடுக்கப்போன அன்று காலையில் பிரபு, "நீ முன்னாடி வேலைக்குக் கெளம்பும்மா, நாங்க அப்பால ஆஸ்பத்திரி போறோம்" என்றான். அவள் பஸ் ஸ்டாப்புக்குப் போன பிறகு என்னவோ தோன்றித் திரும்பிப் பார்த்தாள். மாடியில் ஜன்னலோரம் ஷீலா நின்றாள். மாமியார் போய்விட்டாளா என்று பார்ப்பதுபோல் இருந்தது. சீச்சீ, பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்த ஸ்கேனுக்கும் அவன் அதையேதான் சொன்னான். பிள்ளைத்தாய்ச்சி கிளம்ப நேரம் ஆகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நல்லவிதமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவளைவிட்டுப் போகவில்லை. ஆனால் இந்தத் தடவை அது முன்போல் முழுசாக வரவில்லை. 

பங்குனி கடைசி நாள் வந்தது. மாமி ஒன்பது மணி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை; நாளைக்கு மெதுவாக வரலாம் என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். பாஞ்சாலி மாடவீதியில் மாங்காயும் வெள்ளரியும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வீடு வந்தாள். வரும் வழியில் கொன்றை மரத்தைப் பார்த்தாள். பூ இருந்தது. இரண்டு கொத்து உடைத்துக்கொண்டாள்.

ஒரு கூடமும் ஒரு சின்ன அறையும்தான் வீடு. அறையில் பிரபுவும் ஷீலாவும்; கூடத்தில் சாமி அலமாரிக்குக் கீழே பாஞ்சாலி பாய் போட்டுப் படுப்பாள். கனி வைப்பதும் அந்த அலமாரிக்குக் கீழேதான். ஷீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, தானே தட்டில் அரிசியைப் பரப்பினாள். "அத்த, வெள்ளரிக்கா எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். பாஞ்சாலி சொன்னாள். "கண்ணாடி இப்டி சாச்சா சரியா?" என்று கேட்டாள். சரி என்றாள். எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். எங்கிருந்தோ தூக்கிவந்து இந்த வீட்டுக்குள் வைத்ததே அவள்தான். காலையில் யார் யாரை எழுப்புவது என்பதை மட்டும் ஷீலா கேட்கவில்லை.

பிரபு சுவரில் சாய்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாஞ்சாலி அவன் முகத்தையே பார்த்தாள். போன வருஷம் சொன்னானே, நம்ம வூட்ல நீதான் எழுப்பணும் என்று. அதை அவன் இப்போது ஒரு தரம் சொன்னால் போதும். விளையாட்டுக்குச் சொன்னாலும் போதும். அவன் நிமிரவே இல்லை. திரையில் ஒன்றுமே ஓடவில்லை என்பது அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

சாப்பாடு முடிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அவளே வாயைத் திறந்தாள். அவள் திறந்தது அவன் மறுக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

"ஹால்ல ஒரே புழுக்கமா கீது பிரபு. நான் வேணா இன்னிக்கு வஜீஹா வூட்ல போய்ப் படுத்துக்கட்டா?"

தலைக்கு மேலே ஃபேன் நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்தது. ஷீலா தட்டை விட்டு எழுந்து சமையல்கட்டுக்குள் போனாள். உள்ளே எதையும் எடுக்கிற, வைக்கிற சத்தம் வரவில்லை. பிரபு செல்போனைக் கவிழ்த்து வைத்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது ஒரு நிம்மதி. அதை மறைக்க அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் பாஞ்சாலி எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

"சரிம்மா" என்றான். "மெஹபூப் அண்ணனும் ஊர்ல இல்ல. அவங்களுக்கும் தொணையா இருக்கும்."

அவள் எழுந்திருக்கவில்லை. ஏன்மா என்று கேட்பான், போவாத என்பான், இன்னும் ஒரு நிமிஷம் பார்க்கலாம் என்று இருந்தாள். அதற்குள் அவன் எழுந்துபோய் மூலையில் சுருட்டி வைத்திருந்த அவளுடைய பாயை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசல் கதவைத் திறந்துவிட்டு நின்றான்.

"தலகாணிய எடுத்துனு வாம்மா" என்றான்.